புரொப்பெல்லர் முனையில் வெட்டு: அரம் போட்டால் போதுமா, என்ஜினைத் திறக்க வேண்டுமா?

ஆர்வி_கட்டுநர்:
வணக்கம் நண்பர்களே. நானே கட்டிய வான்ஸ் ஆர்வி-6ஏ சிறு விமானம். லைக்கமிங் ஓ-320 என்ஜின், 70 அங்குல அலுமினியப் புரொப்பெல்லர், பிட்ச் (பிளேடின் சாய்கோணம்) மாறாதது. விஸ்கான்சினில் ஒரு புல்தரை ஓடுபாதையில் இறங்கி டாக்ஸி செய்தபோது (தரையில் ஓட்டிச் சென்றபோது) முன் சக்கரம் ஒரு குழியில் இறங்கி ஏறியது. ‘டக்’ என்று ஒரு சத்தம். என்ஜின் நிற்கவில்லை. ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) இறங்கியதா என்று சொல்ல முடியவில்லை, என் கண் வெளியே தரை மேல் இருந்தது. நிறுத்திப் பார்த்தால் ஒரு பிளேடின் முன்விளிம்பில், முனைக்குப் பக்கத்தில், சுமார் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு வெட்டு. இரண்டு முனைகளிலும் பெயின்ட் உரசியிருக்கிறது. விமானம் அங்கேயே நிற்கிறது. என்ன செய்யலாம்?

புல்தரை_பைலட்:
பயப்பட வேண்டாம். ஒரு மில்லிமீட்டர் வெட்டு என்பது சரளைக்கல் தெறித்தாலே வரும். மென்மையான அரத்தால் தேய்த்து, வெட்டின் ஆழத்தைப் போலப் பத்து மடங்கு நீளத்துக்குச் சரிவாக இழைத்துவிடுங்கள். அரம் பிளேடின் நீளவாக்கில்தான் போக வேண்டும். குறுக்கே போகும் ஒவ்வொரு கோடும் விரிசலுக்கு வழி. அப்புறம் எமரி தாள், கடைசியில் சாய ஊடுருவல் சோதனை (சாயம் பூசி நுண்விரிசலைக் காட்டுவது). விரிசல் இல்லையென்றால் பறக்கலாம்.

எல்லோரும் என்ஜின் தயாரிப்பாளரின் அறிவுறுத்தலான லைக்கமிங் சர்வீஸ் புல்லட்டின் 533-ஐக் காட்டி மிரட்டுவார்கள். அதே புல்லட்டின்தான், பிளேடை லேசாகத் தேய்த்துச் சரிசெய்வதற்கு மேல் ரிப்பேர் தேவைப்பட்டால்தான் ‘அடி’ (என்ஜினையும் சோதிக்க வேண்டிய புரொப்பெல்லர் மோதல்) என்கிறது. உங்களுக்குத் தேவை லேசான தேய்ப்புதான்.

டெக்சாஸ்_மெக்கானிக்:
தம்பி, புல்லட்டினில் பாதியைத்தான் சொன்னீர்கள். என்ஜின் ஓடும்போது புரொப்பெல்லர் திடப்பொருளில் பட்டு ஆர்பிஎம் குறைந்தாலும் அடிதான். தண்ணீர், உயரமான புல் மாதிரி விட்டுக்கொடுக்கும் பொருளில் பட்டு ஆர்பிஎம் திடீரென்று இறங்கினாலும் அடிதான். பிளேடில் ஒரு கீறல்கூட இல்லாவிட்டாலும் இது பொருந்தும்.

கல் பட்டால் ஒரு பிளேடில், ஒரு இடத்தில், கூரான சின்னக் குழி விழும். இங்கே இரண்டு முனைகளும் உரசியிருக்கின்றன. எந்தக் கல் இரண்டு முனைகளையும் தேடி வந்து உரசும்?

ஆர்வி_கட்டுநர்:
முனையில் வளைவு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை அண்ணா. எப்படி அளப்பது?

டெக்சாஸ்_மெக்கானிக்:
முதலில் மாக்னெட்டோ (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் கருவி) சுவிட்சை அணைத்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் நம்பாதீர்கள். தரையிணைப்புக் கம்பி அறுந்திருந்தால் கையால் சுற்றும்போதே என்ஜின் பற்றிக்கொள்ளும்.

சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, ஒரு முனைக்குப் பின்னால் அசையாத ஒரு குறியை வையுங்கள். அடுத்த பிளேடைச் சுற்றிக் கொண்டுவந்து அதே குறியில் அளவெடுங்கள். இந்த நீளமுள்ள உலோகப் புரொப்பெல்லரில் இரண்டு முனைகளுக்கும் நடுவே பதினாறில் ஒரு அங்குலத்துக்கு, அதாவது சுமார் 1.6 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. பிறகு கிராங்க் ஷாஃப்ட் ஃப்ளாஞ்சில் (புரொப்பெல்லர் மாட்டும் தண்டின் முன்தட்டில்) டயல் கேஜ் வைத்து ஓட்டம், அதாவது சுற்றும்போது எவ்வளவு கோணலாக ஆடுகிறது என்று பாருங்கள். அந்தக் குழியையும் போய்ப் பாருங்கள். மண்ணில் வெட்டு இருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. மணிக்கு 16 கி.மீ. வேகத்தில், 1000 ஆர்பிஎம்மில் போயிருந்தால் இரண்டு பிளேடு புரொப்பெல்லரின் வெட்டுகள் சுமார் 13 செ.மீ. இடைவெளியில் விழும்.

மரப்பிளேடு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னுடையது மரப் புரொப்பெல்லர். அதில் அரம் கதையே வேறு. மேலே பெயின்ட் முழுதாக இருக்கும், உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால் பிரிந்த இடத்தில் சத்தம் மந்தமாகும். போல்ட் இறுக்கத்தையும் பார்க்க வேண்டும். ஆர்வி நண்பருக்கு இது பொருந்தாது, படிப்பவர்களுக்காகச் சொன்னேன்.

ஆர்வி_கட்டுநர்:
பார்த்துவிட்டேன். முனைகளுக்கு இடையே வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்குள். ஃப்ளாஞ்ச் ஓட்டம் கையேட்டு வரம்புக்குள். ஆனால் குழியின் மேட்டு ஓரத்தில் இரண்டு வெட்டுகள் இருக்கின்றன, நடுவே ஒரு சாண் கூட இல்லை. மண் ஈரம், இளகியது.

புல்தரை_பைலட்:
அப்படியென்றால் பட்டிருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஈர மண்ணை இரண்டு முறை சீவியதற்கு என்ஜினை முழுக்கப் பிரிப்பதா? பிளேடு நேர், கிராங்க் நேர், வெட்டு வரம்புக்குள். இது எக்ஸ்பெரிமென்டல் (வீட்டிலேயே கட்டியது) வகை விமானம். அமெரிக்க விமானத்துறை எஃப்ஏஏவின் பராமரிப்பு விதி 43 இதற்குப் பொருந்தாது, கட்டியவரே வேலை செய்யலாம். சும்மா இருந்த என்ஜினைப் பிரித்து மாட்டும்போது புகும் தவறுகளாலும் விபத்து நடக்கிறது. அதை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை.

டெக்சாஸ்_மெக்கானிக்:
கடைசியில் சொன்னது நியாயம். அதனால்தான் நானும் ‘எல்லாவற்றையும் பிரி’ என்று தொடங்கவில்லை. ஆனால் டயல் கேஜ் முன்பக்கத்தை மட்டும்தான் காட்டும். எனக்குப் பயம் பின்பக்கத்தில்.

லைக்கமிங்கில் கிராங்க் ஷாஃப்டின் பின் முனையில் ஒரு கியர், ஒரு டவல் பின்னோடும் (இடம் நகராமல் பிடிக்கும் ஆணி) ஒரே ஒரு போல்ட்டோடும் நிற்கிறது. கேம் ஷாஃப்ட் (வால்வுகளை இயக்கும் தண்டு), மாக்னெட்டோக்கள், ஆயில் பம்ப் மூன்றுக்கும் அந்தக் கியரிலிருந்துதான் சுழற்சி போகிறது. முன்னால் புரொப்பெல்லர் திடீரென்று தடைப்படும்போது பின்னால் சுழலும் பாகங்கள் நிற்க மறுக்கின்றன. அந்த இழுபறியைத் தாங்குவது அந்தப் பின்னும் போல்ட்டும்தான். அங்கே தொடங்கிய சேதம் பல மணி நேரம் பறந்த பிறகும் வெளிப்படலாம். அது போனால் இரண்டு மாக்னெட்டோவும் சேர்ந்தே போகும், மாற்று ஏற்பாடு எதுவும் மிச்சமில்லை.

இதனால்தான் எஃப்ஏஏ 2004-10-14 என்ற கட்டாய உத்தரவு வந்தது: அடி பட்டால் அந்தக் கியர் இணைப்பைச் சோதித்து, போல்ட்டையும் லாக் பிளேட்டையும் (போல்ட் கழலாமல் பிடிக்கும் தகடு) மாற்று என்று. அது நம் விமானங்களைச் சட்டப்படி கட்டுப்படுத்துமா என்று கட்டுநர்கள் காலங்காலமாக வாதாடுகிறார்கள். வாதாடட்டும். உலோகத்துக்கு விமானத்தின் சான்றிதழ் எது என்று தெரியாது.

புல்தரை_பைலட்:
அந்தக் கியரைப் பார்க்க என்ஜினின் முழுக் கேஸைப் பிளக்க வேண்டியதில்லையே. பின்னால் இருக்கும் ஆக்சசரி கேஸை மட்டும் கழற்றினால் போதும்.

டெக்சாஸ்_மெக்கானிக்:
கியருக்கு அது போதும். புல்லட்டின் முழுப் பிரிப்பைக் கேட்கிறது, என் சிபாரிசும் அதுதான். விமானம் நிற்க, என்ஜின் ஐட்லில் (மிக மெதுவாக) ஓடும்போது புல்லை வருடியது என்றால் வேறு பேச்சு பேசியிருப்பேன். 1000 ஆர்பிஎம்மிலேயே உங்கள் முனை மணிக்கு 335 கி.மீ. வேகத்தில் போகிறது, மண்ணில் இரண்டு வெட்டும் இருக்கிறது.

புல்தரை_பைலட்:
ஆக்சசரி கேஸ் வரை நானும் வருகிறேன். கியரும் பின்னும் சுத்தமாக இருந்தால் அதற்கு மேல் போக மாட்டேன். இதில் நாம் இருவரும் ஒத்துப்போகப் போவதில்லை.

ஹேங்கர்_கணக்கு:
கையை வைக்கும் முன் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் செய்யுங்கள். பல பாலிசிகள் அடியால் வந்த என்ஜின் சோதனைச் செலவை ஏற்கும், பழைய தேய்மானத்தை ஏற்காது. கழற்றிய பிறகு சொன்னால் எது அடி, எது தேய்மானம் என்று நிரூபிக்கவே நாள் போகும். குழியின் படம், அளவுகோல் வைத்து முனைகளின் படம், என்ஜின் லாக் புத்தகத்தில் ஒரு பதிவு எல்லாம் இப்போதே வேண்டும்.

ஆர்வி_கட்டுநர்:
படங்கள் எடுத்துவிட்டேன், போனும் செய்துவிட்டேன். அவர்களுடைய ஆள் வந்து பார்க்கும்வரை எதையும் தொடப் போவதில்லை. புரொப்பெல்லர் சான்று பெற்ற பட்டறைக்குப் போகிறது, வெட்டை அவர்களே தேய்க்கட்டும். ஆக்சசரி கேஸ் கண்டிப்பாகத் திறக்கும். முழுப் பிரிப்பா என்பதை டவல் பின்னைப் பார்த்த பிறகு முடிவு செய்வேன். மெக்கானிக் அண்ணா, அந்தப் பின்னில் எந்த மாதிரித் தேய்மானத்தைக் கண்டால் நீங்கள் அங்கேயே நிறுத்தச் சொல்வீர்கள்?

டெக்சாஸ்_மெக்கானிக்:
பின் ஆடினாலோ, கியரின் முகமும் கிராங்க் முகமும் ஒன்றையொன்று உரசிப் பளபளத்திருந்தாலோ, லாக் பிளேட்டில் நசுங்கல் தெரிந்தாலோ அங்கேயே நிறுத்துங்கள். கேஸ் கழன்றதும் துடைக்காமல் படம் எடுத்து இங்கே போடுங்கள்.