புதுச்சேரி பாரதி வீடு: எழுதுகிறவன் போனால் ஏதாவது கிடைக்குமா?

நொய்யல்கரை:

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாதம் அலுவலக வேலையாகப் புதுச்சேரி போகிறேன், வேலை முடிந்தபின் ஒரு முழு நாள் கையில் இருக்கும். அதை ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் இருக்கும் பாரதி வீட்டுக்கே கொடுத்துவிடலாமா என்று யோசனை. கவிதை எழுதும் பழக்கம் உண்டு, ஆனால் கொஞ்ச காலமாக உட்கார்ந்தால் ஒரு வரி நகர மாட்டேன் என்கிறது, நகர்ந்தாலும் பழைய சரக்கே திரும்ப வருகிறது. குயில் பாட்டும் பாஞ்சாலி சபதமும் பிறந்த ஊர், கடலும் பக்கத்தில், அங்கே போய் நின்றால் உள்ளே ஏதாவது அசையாதா என்று ஒரு நப்பாசை. போனவர்கள் சொல்லுங்கள்: உட்கார்ந்து எழுத விடுவார்களா, வீட்டிலிருந்து கடல் தெரியுமா, குயில் தோப்பு இன்னும் இருக்கிறதா? புகைப்படமும் கண்ணாடிப் பெட்டியும் மட்டும்தான் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், நேராகக் கடற்கரைக்கே போய்விடுகிறேன்.

வாய்க்கால்_மேற்கு:

உள்ளூர்க்காரன் சொல்கிறேன். அது கடலைப் பார்த்த பங்களா இல்லை. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில், நெருக்கமான தெருவில் ஒரு வீடு. அரசு நினைவகமும் ஆய்வு மையமும் அங்கே இருக்கின்றன. புகைப்படங்கள், பழைய பத்திரிகைகள், புத்தகங்கள் எல்லாம் நீங்கள் பயந்தபடியே உண்டு. நோட்டை விரித்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்காரும் இடம் இல்லை, நிதானமாகச் சுற்றிப் பார்க்கலாம், அவ்வளவுதான். இன்னொன்று, 1908இல் இந்தியா பத்திரிகை வழக்குக்குத் தப்பி இங்கே வந்தவர் 1918 வரை இருந்தார், அத்தனை வருடமும் ஒரே வீட்டில் இல்லை. அதனால் 'இந்தச் சன்னலோரம்தான் குயில் பாட்டு எழுதினார்' என்று யாராவது கை காட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள்.

கடலையும் அவர் பார்த்த கடலாக நினைக்காதீர்கள். துறைமுகத் தடுப்புச் சுவர் வந்தபின் ஊர் முன்னால் இருந்த மணலைக் கடல் அரித்துக்கொண்டு போய், நாங்கள் வளர்ந்த காலமெல்லாம் கருங்கல் குவியலைத்தான் கடற்கரை என்று சொல்லிக்கொண்டிருந்தோம். இப்போது கடலுக்குள் செயற்கைத் திட்டு போட்டபிறகு ஒரு பக்கம் கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. விடியும் முன் போங்கள், சனி ஞாயிறு மாலை மட்டும் வேண்டவே வேண்டாம், தலைகள்தான் தெரியும்.

பழம்பாய்:

நொய்யல்கரை சார், குயில் பாட்டின் கடைசிப் பக்கத்தை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். குயில், மாடு, குரங்கு, சேர இளவரசன், முற்பிறப்பு என்று அத்தனையும் ஓடி முடிந்தபின் அவர் கண் விழிக்கிறார், சுற்றிலும் என்ன இருக்கிறது? பண்டைச் சுவடி, எழுதுகோல், பத்திரிகைக் கூட்டம், பழம்பாய். 'நாம் வீட்டில் உள்ளோம்' என உணர்ந்தேன் என்கிறார். ஆக, மாந்தோப்பு முழுக்க ஒரு வாடகை வீட்டு அறைக்குள் நடந்த சமாச்சாரம். இதைப் படித்துவிட்டும் நாம் தோப்பைத் தேடிப் பஸ் ஏறுகிறோம்!

போக வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இடத்துக்குப் போனால் கவிதை வரும் என்றால் அந்தத் தெருவில் குடியிருப்பவர்கள் எல்லாரும் மகாகவியாகியிருக்க வேண்டும்.

கீற்றுப்பந்தல்:

பழம்பாய் சொல்வதில் பாதிதான் சரி. அறைக்குள் கனவு கண்டவர் அதற்கு முன் தோப்பை நன்றாகப் பார்த்திருக்கிறார். தொடக்கத்தில் அந்தச் சோலை சுற்றுப்பட்டு வேடர்கள் வந்து பறவை சுடுகிற இடம் என்று சொல்லிவிட்டு, 'வேடர் வாராத விருந்துத் திருநாளில்' தான் குயில் பாடியது என்று எழுதுகிறார். சும்மா அழகுக்குச் சோலை பாடுகிறவனுக்கு இந்த வேடர் ஞாபகமே வராது. துப்பாக்கிச் சத்தம் இல்லாத நாள், அதனால் கிளையில் பறவை தைரியமாக இருக்கிறது, அதனால் பாட்டு. இதைப் போய் நின்று பார்த்தவன்தான் எழுத முடியும்.

எனக்கு இதைவிடப் பிடித்தது வசன கவிதையில் காற்றுப் பகுதி. ஒரு வீட்டு மாடியில் தென்னோலைப் பந்தல் (எந்த வீடு என்று அவர் சொல்லவில்லை, நாமும் தேட வேண்டாம்), மூங்கில் கழியில் கட்டியது போக மிச்சக் கயிறு தொங்குகிறது. ஒன்று ஒரு சாண், இன்னொன்று முக்கால் சாண். காற்றில் இரண்டும் ஆடுகின்றன. நாமாக இருந்தால் அறுத்துப் போட்டிருப்போம். அவர் ஒன்றுக்குக் கந்தன், மற்றதற்கு வள்ளியம்மை என்று பேர் வைத்து, கணவன் மனைவியாக்கி, கயிற்றோடு பேச்சுக் கொடுத்து, கடைசியில் காற்றுத் தேவனையே அங்கே வரவழைத்துவிடுகிறார். கடல் பக்கத்திலேயே இருந்தும் அன்றைக்கு அவர் கண் போனது முக்கால் சாண் கயிற்றுக்கு! இயற்கை என்றதும் நாம் மலை, அலை, அஸ்தமனம் என்று பெரிய ஐட்டமாகத் தேடுகிறோம், வரி நகராததற்கு அது ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம். புதுச்சேரியில் கடலை எல்லாரும் பார்ப்பார்கள். நீங்கள் விடுதி மாடியில் துணி காயும் கொடியைப் பாருங்கள்.

மரக்காணம்_பாபு:

புயலை விட்டுவிட்டீர்களே. 1916 நவம்பரில் புதுச்சேரியைப் புரட்டிப்போட்ட புயல். நள வருஷம் கார்த்திகை 8, புதன் இரவு என்று தேதி போட்டே எழுதியிருக்கிறார், கணவனும் மனைவியும் பேசிக்கொள்வது மாதிரி. அதில் 'நேற்றிருந்தோம் அந்த வீட்டினிலே' என்று ஒரு வரி, அங்கேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருப்போம் என்று அடுத்த வரி. மேலே நண்பர் சொன்ன வீடு மாறுகிற கதைக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். புயல் ஓய்ந்தபின் எழுதியதுதான் 'பிழைத்த தென்னந்தோப்பு'. மரங்கள் நாற்று மாதிரி சிதறிக் கிடக்கின்றன, சின்னத் திட்டையில் ஒரு ஏழையின் தோப்பு மட்டும் நிற்கிறது, அதைப் பார்த்துவிட்டார். எங்கள் பக்கம் புயலுக்கு மறுநாள் எல்லாரும் விழுந்த மரத்தைத்தான் எண்ணுவோம், நிற்கிற மரத்தைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

நொய்யல்கரை:

அனைவருக்கும் நன்றி. அந்தக் கயிறு விஷயம் மண்டைக்குள் போய்விட்டது, வசன கவிதையைப் பள்ளிக்கூடத்துக்குப் பிறகு தொடவே இல்லை, இன்றைக்கு எடுக்கிறேன். வீட்டை ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டு மீதி நாள் வெளியே நடப்பதாக முடிவு. குயில் தோப்பு பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லையே?

வாய்க்கால்_மேற்கு:

கருவடிக்குப்பம் சித்தானந்த சுவாமி கோயில் பக்கத்தைத்தான் குயில் தோப்பு என்று ஊரில் காட்டுவார்கள். பாட்டில் 'மேற்கே சிறுதொலைவில்' என்று இருக்கிறது, கருவடிக்குப்பமோ ஊருக்கு வடக்குப் பக்கம், இந்த வழக்கை நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள். எப்படியும் போங்கள், அந்தக் கோயிலையும் அவர் பாடியிருக்கிறார். ஆட்டோக்காரரிடம் தோப்பு என்று கேட்காமல் கோயில் பேரைச் சொல்லுங்கள், வாடகையை ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். அப்புறம் உங்கள் வேலை டிசம்பரில் விழுந்தால் 11ஆம் தேதி மட்டும் நினைவகம் பக்கம் போகாதீர்கள், பிறந்தநாள், விழாவும் கூட்டமுமாக இருக்கும்.