மலையில் வேலை, உயரத்தைக் கண்டால் நடுக்கம்: இடமாறுதல் கேட்பதா, பழகிக்கொள்வதா?

மருதநிலத்தாள்:

அன்பர்களுக்கு வணக்கம். நான் திருவாரூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். மேடு என்று சொல்ல ஆற்றங்கரை மட்டுமே உள்ள ஊர் அது. கடந்த ஜூன் மாதம் கொடைக்கானல் மேல்மலையில் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியையாகப் பொறுப்பேற்றேன். நகரில் வீடு எடுத்துத் தங்கி, நாள்தோறும் பூம்பாறை வழியாகச் செல்லும் பேருந்தில் பள்ளிக்குப் போய் வருகிறேன்.

பேருந்து பள்ளத்தாக்கின் ஓரமாகத் திரும்பும் இடங்களில் உள்ளங்கால் கூசுகிறது, அடிவயிறு கலங்குகிறது, வியர்த்த கைகள் முன்னிருக்கைக் கம்பியை விட மறுக்கின்றன. மலைப்பக்க இருக்கையைத் தேடி அமர்ந்தாலும், ஒரு கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் பள்ளம் என் பக்கத்துக்கு வந்துவிடுகிறது. சென்ற மாதம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைத் தூண் பாறைக் காட்சிமுனைக்கு அழைத்துச் சென்றபோது, கம்பி வேலிக்குப் பத்தடி முன்பே என் கால்கள் நின்றுவிட்டன. "டீச்சர், நான் கையைப் பிடிச்சுக்கிறேன், வாங்க" என்று ஒரு சிறுமி அழைத்தாள். என்னால் போக முடியவில்லை. அன்றிரவு நெடுநேரம் அழுதேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். விளிம்பைக் காணும்போது, குதித்துவிடுவேனோ என்றொரு எண்ணம் மின்னலைப் போல வந்து போகிறது. எனக்கு வாழ்வில் எந்தச் சலிப்பும் இல்லை என்பதால், அந்த எண்ணம்தான் பள்ளத்தைவிட அதிகமாக என்னை அச்சுறுத்துகிறது. மலைக்காற்று எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றும், அடுத்த கலந்தாய்வில் இடமாறுதல் கேட்க வேண்டும் என்றும் வீட்டார் வற்புறுத்துகின்றனர். இந்தப் பிள்ளைகளை விட்டுப் போக எனக்கு மனமில்லை. இந்த அச்சம் மாறக்கூடியதா?

குன்னூர்வாசி:

சகோதரி, நான் குன்னூரில் தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் பிறந்தவன். மலையில் பிறந்தவர்களுக்கு இது வராது என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு முப்பத்து நான்காம் வயதில், விபத்தோ அதிர்ச்சியோ எதுவும் நேராமலேயே வந்தது.

மலைக்காற்றின் மீது பழிபோடுவதற்கு ஒரு மறுமொழி சொல்கிறேன். கடல் மட்டத்திலிருந்து 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா உச்சியில் நான் நிம்மதியாக நிற்பேன், ஏனெனில் அங்கே காலுக்குக் கீழே தரை அகலமாக இருக்கிறது. ஆனால் வீட்டு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஏணியில் எட்டாவது படிக்கு ஏறினால் முழங்கால் நடுங்கும். கொடைக்கானல் ஏரிக்கரையில் நடக்கும்போது உங்களுக்கு ஏதேனும் செய்கிறதா? செய்யாது என்றே எண்ணுகிறேன். கண்ணுக்கு முன்னால் தரை முடிந்துபோவதைத்தான் நாம் அஞ்சுகிறோம்.

எனக்கு உதவியது எங்கள் மலை இரயில். 1899 முதல் மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே ஓடும் அந்த வண்டி, கல்லாறு நிலையத்துக்கு மேலே பன்னிரண்டு அடிக்கு ஓரடி வீதம் ஏறும் செங்குத்தான பகுதியில், தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பற்சட்டத்தைப் பற்சக்கரத்தால் கவ்விக்கொண்டு, இன்ஜின் பின்னாலிருந்து தள்ள, மிதிவண்டி வேகத்தில்தான் நகரும். பாலங்களில் கீழே பார்த்தால் வெறும் ஆழம். முதல் பயணத்தில் ஹில்குரோவ் நிலையம் வரை கண்களை மூடியே இருந்தேன். அதனால் எந்தப் பயனும் இல்லை. அடுத்த முறை சன்னல் சட்டத்தையும், அதற்கடுத்த முறை அருகிலிருந்த மரங்களையும், பிறகு எதிர்ச்சரிவையும், கடைசியாகத்தான் ஆழத்தையும் பார்க்கப் பழகினேன். ஆறாவது பயணத்தில், பாலம் முடியும் முன்பே படபடப்பு தணியத் தொடங்கியதை முதன்முதலாகக் கவனித்தேன். இன்றும் ஏணி எனக்குப் பிடிக்காதுதான், ஆனால் ஏறித் தொட்டியைக் கழுவிவிடுகிறேன்.

உளவியல் பணியாளர்:

அம்மையீர், நான் மனநலத் துறையில் பணிபுரிகிறேன். நேரில் காணாமல் இது இன்ன நோய் என்று சொல்வது முறையாகாது. ஆயினும் உங்கள் கடிதத்தில் உள்ள சிலவற்றுக்குத் தெளிவான விளக்கங்கள் உண்டு.

முதலில் அந்தக் குதிக்கும் எண்ணம். 2012-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாணவர்களிடம் கேட்டபோது, தற்கொலையைப் பற்றி ஒருபோதும் நினைத்திராத பலரும் உயரமான இடங்களில் இதே எண்ணம் தமக்கு வந்ததாகக் கூறினர். உடல் தன்னைக் காத்துக்கொள்ளச் சட்டெனப் பின்வாங்குகிறது, ஒரு கணம் கழித்து விழித்துக்கொள்ளும் மனம் "நான் ஏன் பின்வாங்கினேன், குதிக்க நினைத்தேனோ" என்று தவறாகப் பொருள் கொள்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். உங்களுக்கு வாழ்வின் மீதுள்ள பிடிப்புக்கு அதை அடையாளமாகக் கொள்ளலாம். இத்தகைய எண்ணம் விளிம்பை விட்டு விலகிய பின்னும் தொடர்ந்தாலோ, வாழ்வில் வெறுப்போடு சேர்ந்து வந்தாலோ, அது வேறு செய்தி. அப்போது தாமதியாமல் 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழைக்க வேண்டும், தமிழிலேயே பேசலாம்.

அடுத்து, கால்கள் ஏன் தளர்கின்றன? நாம் அசையாமல் நிற்பதாக நினைக்கும்போதும் உடல் சிறிதளவு ஆடிக்கொண்டே இருக்கிறது. அருகிலுள்ள பொருள்களை வைத்து அந்த ஆட்டத்தைக் கண் அளந்து சொல்ல, உடல் தன்னைத் திருத்திக்கொள்கிறது. பள்ளத்தாக்கின் முன் நிற்கும்போது அருகில் பொருளே இல்லாமல் போவதால், கண்ணின் அளவு பொய்த்து ஆட்டம் கூடுகிறது. ஆகவே உங்கள் தள்ளாட்டம் கற்பனை அன்று, கோழைத்தனமும் அன்று. பக்கவாட்டில் ஒரு மரமோ தூணோ பார்வையில் இருக்கும்படி நின்றாலும், சுவரில் சாய்ந்தாலும், அமர்ந்தாலும் அது குறையும். ஓடும் மேகத்தை அண்ணாந்து பார்ப்பதும், தொலைநோக்கி வழியாகப் பார்ப்பதும் அதைக் கூட்டும். படுக்கையில் புரளும்போதும் தலை சுற்றுமானால், அது காதின் உட்பகுதிச் சிக்கலாக இருக்கலாம் என்பதால் முதலில் காது மருத்துவரைப் பாருங்கள்.

அச்சத்தைப் போக்கும் வழியாக, படிப்படியாக அதை எதிர்கொள்ளும் முறையை மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப் 1958-இல் முறைப்படுத்தி எழுதினார். 1995-இல் உயரமான இடத்தில் நிற்பதைப் போலக் கணினிக் காட்சியால் உணரச் செய்யும் மெய்நிகர்க் கருவியைக் கொண்டே உயர அச்சத்தைக் குறைக்கலாம் என்றும் காட்டப்பட்டது. இவற்றின் உயிர்நாடி ஒன்றே. அச்சம் உச்சத்தில் இருக்கும்போது விலகி ஓடினால், தப்பித்ததால்தான் பிழைத்தோம் என்று மூளை கற்றுக்கொள்கிறது. அது தானாகத் தணியும் வரை அங்கேயே இருந்தால், ஆபத்து எதுவும் வரவில்லை என்று கற்றுக்கொள்கிறது. நீங்கள் மலைப்பக்க இருக்கையைத் தேடுவது அந்த ஓட்டத்தின் சிறிய வடிவம். தூக்க மாத்திரை போன்ற ஒன்றைப் போட்டுக்கொண்டு பயணம் செய்வதும் இந்தக் கற்றலைக் கெடுக்கும்.

கொடைக்கானலிலேயே பயிற்சிக்கு உகந்த இடம் இருக்கிறது. 1872-இல் சரிவின் ஓரமாக அமைக்கப்பட்ட கோக்கர்ஸ் வாக் என்ற நடைபாதை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமும் கம்பித் தடுப்பும் உடையது. தொடக்கத்தில் தடுப்பிலிருந்து தள்ளியே நில்லுங்கள். அச்சத்துக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டு, அது பாதியாகும் வரை காத்திருங்கள்; அரை மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. ஒரு படி எளிதான பின்பே அடுத்த படிக்குச் செல்லுங்கள். வட்டக்கானலுக்கு அப்பால் உள்ள டால்பின் மூக்குப் பாறையைப் போலத் தடுப்பில்லாத விளிம்புகளை இதற்குப் பயன்படுத்தவே கூடாது, அங்கே அஞ்சுவதே சரி. ஆறு மாதங்களுக்கு மேலாகியும் இந்த அச்சம் அன்றாட வாழ்வைக் குலைக்குமானால், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் பயிற்சி பெற்றவரின் துணையை நாடுங்கள்.

ஓய்வுபெற்ற ஓட்டுநர்:

டீச்சரம்மா, வத்தலக்குண்டு சாலையில் பல ஆண்டுகள் பேருந்து ஓட்டியவன் நான். பின்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள இருக்கைகளில் ஆட்டமும் வீச்சும் அதிகம், வளைவுகளில் அவை பள்ளத்துக்கு மேலே போவதைப் போலவும் தோன்றும். முன்பக்கம் அமர்ந்து சாலையைப் பாருங்கள். வளைவில் ஓட்டுநர் எப்போது திருப்புகிறார், எதிரே ஏறி வரும் வண்டிக்கு எங்கே ஒதுங்கி வழிவிடுகிறார் என்று கவனித்து வந்தால், வண்டி தன் போக்கில் போகவில்லை என்பது உங்கள் மனத்துக்குப் புலப்படும்.

மருதநிலத்தாள்:

மூவருக்கும் என் நன்றி. ஏழு வாரங்களுக்குப் பின் எழுதுகிறேன். காது மருத்துவர் குறை ஒன்றும் இல்லை என்றார். சனிக்கிழமைதோறும் கோக்கர்ஸ் வாக்குக்குச் சென்றேன். முதல் நாள் மூடுபனி பள்ளத்தாக்கை நிரப்பியிருந்ததால் மதிப்பெண் மூன்றுதான், எல்லாம் எளிதாகிவிட்டதாக எண்ணினேன். திடீரெனப் பனி விலகியதும் அது ஒன்பதுக்கு ஏறியது. ஓடாமல் ஒரு மரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். நான்குக்கு இறங்க இருபத்தைந்து நிமிடங்கள் ஆயின. சென்ற சனியன்று தடுப்புக் கம்பியைத் தொட்டு நின்றபோது தொடக்கமே ஐந்துதான். தூண் பாறை இன்னும் மீதமிருக்கிறது. கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கவில்லை. குதிக்கும் எண்ணம் இருமுறை வந்தது. என்னவென்று தெரிந்திருந்ததால் வந்தபடியே போய்விட்டது.

நேற்றுக் காலை முன்வரிசையில், பள்ளத்தாக்குப் பக்கமாகவே அமர்ந்தேன். பூம்பாறைக்கு மேலே வண்டி திரும்பியபோது, மலைப்பூண்டு பயிரிட்ட படிக்கட்டு வயல்கள் ஊர்க் கூரைகள் வரை ஒன்றின்கீழ் ஒன்றாக இறங்கிச் செல்வதை, இத்தனை மாதங்களில் முதன்முறையாகக் கண்திறந்து பார்த்தேன்.