நூறு நாள் வேலைக் கூலி எங்கே நிற்கிறது, யாரிடம் கேட்பது?

வாய்க்கால்மேடு (ஜூலை 2024):

அம்மா வைகாசியில் ஏரி வரத்து வாய்க்கால் தூர்வாரும் வேலைக்குப் போனார். இரண்டு மஸ்டர் ரோலுக்கு (வருகைப் பட்டியலுக்கு) இன்னும் கூலி வரவில்லை. பணித்தளப் பொறுப்பாளர் அக்கா, "நான் வருகை ஏத்தி அனுப்பிட்டேன்" என்கிறார். ஊராட்சிச் செயலர் ஒன்றிய அலுவலகத்தைக் கைகாட்டுகிறார். அங்கே கணினியில் இருப்பவர், "டெல்லியில இருந்து வரணும்மா" என்று முடித்துவிட்டார். கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை என்று ஒரு பலகை இருக்கிறதே, அங்கே போகலாமா? இல்லை, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுப்பது நல்லதா?

இன்னொரு சந்தேகம். இந்த வருஷக் கூலி 319 ரூபாய் என்கிறார்கள். அம்மாவுக்கு முன்பு வந்ததெல்லாம் 250-ஐத் தாண்டவில்லை. மீதியை யார் எடுக்கிறார்கள்?

முன்னாள்\_விரிவாக்க\_அலுவலர்:

அம்மா, கலெக்டர் ஆபீஸுக்கு பஸ் ஏறாதீர்கள். இப்போதைக்கு.

ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். திங்கட்கிழமை மனுவுக்கு என்ன நடக்கும் தெரியுமா? முத்திரை குத்தி முகமைக்குப் போகும், முகமை அதை 'தக்க நடவடிக்கைக்கு' என்று வட்டார வளர்ச்சி அலுவலருக்கு அனுப்பும், அவர் அதே கணினிக்காரரிடம் கொடுப்பார். பதிலை எழுதப்போவது, உங்களிடம் டெல்லி என்று சொன்ன அதே ஆள்தான்.

அந்தப் பலகையைப் பார்த்தால் பெரிய இடம் என்று தோன்றுவது நியாயம்தான். ஒரு காலத்தில் பெரிய இடமாகத்தான் இருந்தது. 1980-இல் ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் எல்லா ஒன்றியங்களுக்கும் வந்தபோது, அதை நடத்துவதற்கென்றே சங்கமாகப் பதிவு செய்யப்பட்டவை இந்த முகமைகள். கறவை மாட்டுக் கடன் என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும். வங்கி கடன் கொடுக்கும், முகமை மானியம் கொடுக்கும். சிறு விவசாயிக்குக் கால் பங்கு, குறு விவசாயிக்கும் கூலித் தொழிலாளிக்கும் மூன்றில் ஒரு பங்கு, ஆதிதிராவிடர், பழங்குடியினருக்குப் பாதி. மானியக் காசு முகமையின் கையில் இருந்ததால் அங்கே கதவு தட்டினால் பலன் இருந்தது. (ஒரே மாடு காதுத் தகடு மாறி மூன்று பேர் பெயரில் போட்டோவுக்கு நின்ற கூத்தும் அப்போது நடந்ததுதான். அது தனிக் கதை.) 2022 ஏப்ரலோடு முகமைகளின் நிர்வாகச் செலவுக்கு மத்திய அரசு கொடுத்துவந்த நிதியும் நின்றுபோனது. இன்று நூறு நாள் கூலியில் ஒரு ரூபாய்கூட முகமையின் பெட்டி வழியாகப் போவதில்லை. அங்கே அனுமதி, ஆய்வு, அறிக்கை, அவ்வளவுதான்.

கூலி போகும் வழி இது. ஒன்றியத்தில் மஸ்டர் ரோல் எடுக்கிறார்கள். தளத்தில் செல்போன் செயலியில் வருகை ஏறுகிறது. வாரம் முடிந்ததும் ஓவர்சீயர் அளவெடுத்து அளவுப் புத்தகத்தில் எழுதுகிறார். அதை வைத்து ஒன்றியத்தில் கூலிப் பட்டியல் போட்டு, எஃப்டிஓ என்கிற பண ஆணையில் இரண்டு பேர் டிஜிட்டல் கையெழுத்து வைக்கிறார்கள். அதற்கு அப்புறம்தான் டெல்லி. கூலி முழுக்க மத்திய அரசுப் பணம், நேராக வங்கிக் கணக்குக்கு வரும்.

எனவே நூறு நாள் திட்ட இணையதளத்தில் அம்மாவின் வேலை அட்டை எண்ணைத் தேடுங்கள். கைபேசியிலேயே பார்க்கலாம். அந்த மஸ்டர் ரோலுக்கு எஃப்டிஓ எண் இல்லை என்றால் காகிதம் ஒன்றியத்தில் தூங்குகிறது, டெல்லி என்று சொன்னது பொய். எண் இருந்து பணம் போகாமல் கிடந்தால் அவர் சொன்னது உண்மை, நீங்கள் திட்டிப் பயனில்லை. 'நிராகரிக்கப்பட்டது' என்று இருந்தால் வங்கி அல்லது ஆதார் கோளாறு. 'வரவு' என்றே காட்டினால் இன்னும் வேடிக்கை. ஆதாரோடு கடைசியாக எந்த வங்கிக் கணக்கை இணைத்தாரோ அங்கேதான் பணம் விழும். மகளிர் குழுவுக்காகவோ கேஸ் மானியத்துக்காகவோ திறந்த பழைய பாஸ்புக் வீட்டில் இருக்கிறதா பாருங்கள்.

319 விஷயத்தில் யாரும் திருடியிருக்க வேண்டியதில்லை. அது முழு அளவு வேலைக்கான கூலி. குழுவாக வெட்டிய மண்ணை அளந்து பங்கு போடுவார்கள், அளவு குறைந்தால் கூலியும் குறையும். ஆனால் வெட்டும்போது மண் எப்படி இருந்தது, ஓவர்சீயர் தளத்துக்கு வந்து அளந்தாரா, மேசையிலிருந்தே எழுதினாரா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அக்டோபர் 2 கிராம சபையில் அளவுப் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

தளப்பொறுப்பாளர்\_ஒருத்தி:

ஐயா சொன்னதெல்லாம் சரி. எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். காலையில் ஒரு போட்டோ, நான்கு மணி நேரம் கழித்து இன்னொரு போட்டோ. ஏரிக்குள் சிக்னல் கிடையாது, கரை மேல் ஏறி போனைத் தூக்கிப் பிடித்தபடி நிற்க வேண்டும். இரண்டாவது போட்டோ ஏறாவிட்டால் அன்றைய வருகையே கேள்விக்குறி. அளவெடுக்க ஓவர்சீயர் வர தாமதமானாலும் ஊரில் என் வீட்டு வாசலில்தான் சண்டை. நானும் அதே வேலை அட்டைக்காரிதான், எனக்கும்தான் கூலி வரவில்லை.

வாய்க்கால்மேடு:

பார்த்துவிட்டேன் ஐயா. முதல் மஸ்டர் ரோல் 'வரவு' என்று காட்டுகிறது. அம்மா மறந்தே போயிருந்த ஒரு வங்கிக் கணக்கில் பணம் கிடக்கிறது! இரண்டாவதற்கு எஃப்டிஓ எண்ணே இல்லை. அக்கா, உங்களைத் திட்டியது எங்கள் அம்மாவாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள் :)

முன்னாள்\_விரிவாக்க\_அலுவலர்:

அப்படியானால் அந்தப் பக்கத்தை அச்செடுங்கள். கிராம ஊராட்சிக்கான வட்டார வளர்ச்சி அலுவலர் பெயருக்கு மனு. (ஒன்றியத்தில் வட்டார ஊராட்சிக்கு இன்னொருவர் இருப்பார், மாற்றிக் கொடுத்தால் அதற்கே ஒரு வாரம் போகும்.) மனுவில் மஸ்டர் ரோல் எண்ணை எழுதி, எஃப்டிஓ ஏன் போடவில்லை என்று ஒரே கேள்வி கேளுங்கள். ஏழைக்குடும்பம், கருணை காட்டுங்கள் என்றெல்லாம் வேண்டாம். மஸ்டர் ரோல் முடிந்து 15 நாளுக்குள் கூலி தர வேண்டும் என்பது சட்டம். அதன் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 0.05 சதவீதம் இழப்பீடு உண்டு. 1500 ரூபாய்க்கு நாளைக்கு முக்கால் ரூபாய்தான், பத்து நாளைக்கு ஏழரை. தொகைக்காக இல்லை, தாமதம் யாருடையது என்று அலுவலகம் எழுத்தில் பதிவு செய்ய வேண்டிவரும் என்பதற்காக அதையும் கேளுங்கள்.

தேதி போட்ட ஒப்புகைச் சீட்டு இல்லாமல் அங்கிருந்து நகராதீர்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்டத்தில் இந்தத் திட்டத்துக்கென்று குறைதீர்ப்பாளர் இருக்கிறார். அந்தச் சீட்டோடு அவரிடம் போங்கள்.