புதுக் குதிரையோடு முதல் ஈவென்டிங்: 80 செ.மீ.யா, 90 செ.மீ.யா?

யெலஹங்கா_வாணி:

என் பழைய குதிரைக்கு ஓய்வு கொடுத்தாயிற்று. அவனோடு தடை உயரம் 1 மீட்டர் இருக்கும் கிளாஸ் வரை ஈவென்டிங் (டிரெஸ்ஸாஜ் என்ற அரங்க அசைவுகள், கிராஸ் கன்ட்ரி என்ற வெளித்தட ஓட்டம், ஷோ ஜம்பிங் என்ற கம்பத் தாண்டல் மூன்றும் சேர்ந்த போட்டி) ஓடியிருக்கிறேன். இப்போது இருப்பவன் ரேஸிலிருந்து வந்த 6 வயது தரோபிரெட். லாயத்து மைதானத்தில் 90 செ.மீ. தடைகளைத் தயங்காமல் தாண்டுகிறான். ஆனால் தண்ணீரும் பள்ளமும் அவனுக்குப் புதுசு. வெளி மைதானத்துக்குக் கூட்டிப்போனால் டிரெஸ்ஸாஜில் கழுத்தைத் தூக்கிக்கொண்டு விறைத்துப் போகிறான்.

அடுத்த மாதம் பெங்களூரிலேயே ஒரு போட்டி. கோச் 80 செ.மீ.யில் பெயர் கொடு என்கிறார். கூட ஓட்டுபவர்களோ, ஒரு மீட்டர் ஓடினவள் 80ல் இறங்கினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்கிறார்கள். எந்த கிளாஸில் போவது? எவ்வளவு ஸ்கோர் எதிர்பார்ப்பது நியாயம்? ரிப்பன் கிடைக்காவிட்டாலும், நன்றாகப் போனதா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது?

மூணுகட்டம்:

80தான். ஒரு மீட்டர் ஓடியது நீங்கள், அவன் இல்லை.

உயரம் இங்கே பிரச்சினையே இல்லை. 10 செ.மீ. கூடுதல் ஒரு தரோபிரெட்டுக்கு ஒரு பொருட்டா? 90ல் வேறு சங்கதி இருக்கிறது. தண்ணீரில் இறங்கும் விளிம்பிலேயே ஒரு கட்டையைப் போட்டிருப்பார்கள். பள்ளத்தைத் தாண்டிய கையோடு அடுத்த தடை நிற்கும். அகலம் குறைந்த ஸ்கின்னியும் வரலாம். 80ல் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு சிக்கல்தான். பள்ளத்தை இன்னும் சரியாகப் பார்க்காத குதிரைக்கு அதுவே போதும்.

ஸ்கோர் கணக்கு இப்படி. டிரெஸ்ஸாஜில் வாங்கிய சதவீதத்தை 100லிருந்து கழித்தால் வருவது பெனால்ட்டி. விறைக்கும் குதிரைக்கு 58 முதல் 62 சதவீதம் என்று வையுங்கள். 38 முதல் 42 பெனால்ட்டியோடு தொடங்குவீர்கள். கிராஸ் கன்ட்ரியில் முதல் மறுப்புக்கு (தடை முன் நின்றுவிடுவது அல்லது விலகி ஓடுவது) 20, அதே தடையில் இரண்டாவது முறை மறுத்தால் மேலும் 40, குறித்த நேரத்தைத் தாண்டும் ஒவ்வொரு விநாடிக்கும் 0.4. ஷோ ஜம்பிங்கில் விழும் கம்பம் ஒன்றுக்கு 4. உள்ளூர்ப் போட்டிகளில் சின்னச் சின்ன மாற்றம் இருக்கும், அழைப்பிதழில் விதிகளைப் படித்துவிடுங்கள்.

இதில் மலிவானது நேரம்தான். 2000 மீட்டர் தடம், நிமிடத்துக்கு 400 மீட்டர் வேகம் என்றால் குறித்த நேரம் 5 நிமிடம். நீங்கள் 350ல் போனால் 5 நிமிடம் 43 விநாடி ஆகும். 43 × 0.4 = 17.2. ஒரே ஒரு மறுப்பைவிடக் குறைவு. டோக்கியோ ஒலிம்பிக்கில் நம்ம ஊர் ஃபவாத் மிர்சா டிரெஸ்ஸாஜில் 28.00 வாங்கிவிட்டு, கிராஸ் கன்ட்ரியில் ஒரு தடையையும் விடாமல் தாண்டி, நேரத்துக்கு மட்டும் 11.20 கொடுத்தார். அந்த மட்டத்திலேயே அப்படி என்றால் 80 செ.மீ.யில் முதல்முறை இறங்குகிறவர் கடிகாரம் கட்டவே வேண்டாம்.

நன்றாகப் போனதா என்று பார்க்க டிரெஸ்ஸாஜ் தாளை வாங்குங்கள். மொத்தத்தை விடுங்கள். முதல் பாதி மதிப்பெண்களையும் பின்பாதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 5, 5.5 என்று தொடங்கி 6, 6.5 என்று ஏறியிருந்தால் குதிரை அரங்கத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறான் என்று அர்த்தம். 60 சதவீதம் வந்தாலும் அது நல்ல தாள். ஃப்ரீ வாக் (கடிவாளத்தைத் தளர்த்திக் கழுத்தை நீட்டி நடக்க விடுவது) கட்டத்தைத் தனியாகப் பாருங்கள். பல டெஸ்ட்களில் அதற்கு இரட்டை மதிப்பு, விறைப்பு முதலில் அங்கேதான் தெரியும்.

லாயத்து_அக்கா:

கணக்கு அவர் சொல்லிட்டாரு வாணிம்மா, நான் லாயத்துப் பக்கம் சொல்றேன்.

ரேஸ் குதிரைக்கு லாரி ஏறினாலே ஓட்டம்னுதான் மனசுல பதிஞ்சிருக்கும். அதனால போட்டிக்கு முன்னாடி ரெண்டு மூணு தடவை வேற மைதானத்துக்கு ஏத்திட்டுப் போங்க. இறக்கி நடக்க விட்டு, புல்லு காட்டி, சேணம்கூடப் போடாம திருப்பிக் கூட்டிட்டு வாங்க. போட்டிக்கு முந்தின நாளே போய்த் தங்கறது நல்லது. அன்னைக்கே போகணும்னா 5 மணிக்கு முன்னாடி ஹெப்பாளத்தைத் தாண்டிடுங்க. டிராஃபிக்ல மாட்டினா லாரிக்குள்ள நின்னே பாதி வேர்த்துடுவான்.

வயிறு முக்கியம். ரேஸ்ல இருந்து வர்ற குதிரைங்களுக்கு இரைப்பைப் புண் சகஜம். தானியத் தீனியை கிராஸ் கன்ட்ரிக்கு 4 மணி நேரம் முன்னாடி நிறுத்திடுங்க. ஆனா வெறும் வயித்தோட ஏறாதீங்க. சேணம் போடறதுக்கு 20, 30 நிமிஷம் முன்னாடி ரெண்டு கை குதிரை மசால் குடுங்க. வயித்துல அமிலம் மேல தெறிக்காம அது தாங்கிக்கும். தண்ணியை மட்டும் எப்பவும் நிறுத்தக் கூடாது.

வார்ம் அப் மைதானத்துல பின்னாலிருந்து வேற குதிரை பாய்ஞ்சு கடந்துச்சுன்னா இவனுக்கு ரேஸ் ஞாபகம் வந்துடும். ஓரமா ஒரு மூலை பிடிச்சு 20 மீட்டர் வட்டத்துல மட்டும் வேலை வாங்குங்க. முதல் 15 நிமிஷம் வாக், அதாவது நடை மட்டும். மணி அடிச்ச பிறகு உள்ள நுழைய 45 விநாடி இருக்கு, பதறாதீங்க. ஜட்ஜ் உக்கார்ற இடத்தையும் பூத்தொட்டியையும் ரெண்டு பக்கமும் காட்டிட்டு நுழையுங்க.

ஓடி முடிச்சதும் இறங்கி, சேணத்தோட வயித்து நாடாவைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்திட்டே இருங்க. சூடான தசையில பச்சத் தண்ணி பட்டா பிடிச்சுக்கும்னு சைஸ் (குதிரையைப் பாத்துக்கறவர்) தடுப்பாரு, கேக்காதீங்க. 1996 அட்லாண்டா ஒலிம்பிக் வெயிலுக்காக ஆராய்ச்சி பண்ணப்பவே அது தப்புன்னு தெரிஞ்சுபோச்சு. 10, 15 நிமிஷத்துல நாடித்துடிப்பு 64க்குக் கீழ இறங்கணும். இறங்கலைன்னா டாக்டரைக் கூப்பிடுங்க.

செம்மண்:

80 செ.மீ. சரி. ஆனால் 350 வேகம் என்பதை ஏற்க முடியாது. ரேஸ் குதிரையை 350க்கு இறக்க வாயைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கும். இழுக்க இழுக்க அவன் கடிவாளத்தில் சாய்ந்து வேகமாவான், தலையைத் தூக்குவான், தடையைப் பார்க்கவே மாட்டான். அவனுக்கு இயல்பான கேன்டரில் (மிதமான பாய்ச்சல்), 400 பக்கம், விடுங்கள். தடைக்கு 8, 10 ஸ்ட்ரைடுக்கு (பாய்ச்சல் எட்டு) முன்னால் உடம்பை நிமிர்த்துங்கள், அதுவே அவனுக்கு சைகை. கடைசி மூன்று ஸ்ட்ரைடில் கையைத் தொடாதீர்கள். தண்ணீருக்கும் பள்ளத்துக்கும் மட்டும் டிராட்டுக்கு (குதிநடை) இறக்குங்கள்.

இன்னொன்று: அன்றைக்குப் புது பிட் (வாய்க்குள் போடும் கடிவாளத் துண்டு) போடாதீர்கள். இழுக்கிறான் என்று முந்தின நாள் கடுமையான பிட்டுக்கு மாறுகிறவர்கள்தான் முதல் பள்ளத்தில் நிற்பார்கள்.

யெலஹங்கா_வாணி:

மூவருக்கும் நன்றி. வேகத்தில் செம்மண் அண்ணா சொல்வதையே பிடித்துக்கொள்கிறேன், இழுத்தால் அவன் அப்படித்தான் ஆகிறான். இன்னும் ஒரு சந்தேகம். பள்ளத்தில் நின்றுவிட்டால்? எதுவரை முயற்சிப்பது, எங்கே நிறுத்துவது?

மூணுகட்டம்:

வேகத்தில் செம்மண் சொல்வது சரி, 350 என்பது கணக்குக்காகச் சொன்னது.

இதைத் தடத்தில் யோசிக்கக் கூடாது, முந்தின நாளே முடிவெடுத்துவிடுங்கள். நேராக நின்றுவிட்டால் 15 மீட்டராவது தள்ளிப்போய், சுறுசுறுப்பான டிராட்டில், கண்ணைத் தடைக்கு அப்பால் வைத்து வாருங்கள். பள்ளத்துக்குள் நீங்கள் குனிந்து பார்த்தால் அவனும் பார்ப்பான். இடப்பக்கம் நழுவினால் வலப்பக்கமாகத் திருப்புங்கள். நழுவிய திசையிலேயே வட்டமடித்தால் தப்பிக்கும் வழியை நாமே பழக்குவதாகிவிடும்.

அதே இடத்தில் இரண்டாவது முறையும் நின்று, அவன் நடுங்கினாலோ பின்னுக்கு ஓடினாலோ, கையைத் தூக்கிக் காட்டிவிட்டு நடந்தே வெளியே வாருங்கள். மூன்றாவது முறை அடித்துத் தாண்ட வைத்தால் பள்ளம் என்றாலே அடி என்று படிந்துவிடும், அதை எடுக்க மாதக்கணக்காகும். பயமில்லாமல் வேடிக்கை பார்த்து நின்றான் என்றால் மட்டும் மூன்றாவது வாய்ப்பு. விலகி வந்தாலும் அடுத்த வாரமே, அனுபவமுள்ள ஒரு குதிரையை முன்னால் விட்டு, ஒரு அடி அகலப் பள்ளத்தில் தொடங்குங்கள். போட்டியில் அப்படிப் பின்தொடர அனுமதி இல்லை, பயிற்சியில் அதைவிடச் சுலபமான வழி கிடையாது.

தடத்தை நடக்கும்போது ஒரு சுற்றாவது உங்கள் ஸ்டார்ட் நேரத்திலேயே நடங்கள். வெயிலிலிருந்து மர நிழலுக்குள் நுழைந்தால் குதிரையின் கண் பழக நம்மைவிட நேரமாகும். காலை 8 மணிக்கு வெளிச்சத்தில் கிடக்கும் பள்ளம் 11 மணிக்கு நிழலுக்குள் போயிருக்கும். அப்படி ஒரு தடை இருந்தால் 20 மீட்டர் முன்னாலேயே டிராட்டுக்கு இறங்கிவிடுங்கள்.