வாசனைத் தோட்டம்: புதுப்பிப்பு

மூன்று மாதத்துக்கு முன் இங்கே கேட்டிருந்தேன்: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் ஊர் மரப்பூங்காவுக்குள் அமைக்கும் வாசனைத் தோட்டத்தில் செண்பகக் கன்றுகள் மஞ்சளடித்து வாடுகின்றன, என்ன செய்யலாம் என்று. வேரைப் பார்க்கச் சொன்னவர்களுக்கு நன்றி. ஒன்றைத் தோண்டினோம். வேர் கறுத்து, தொட்டதும் தோல் விரலோடு உரிந்து வந்தது. மாலை மழைத்தண்ணீர் தேங்கும் இடம் அது. செண்பகத்துக்கு ஈரம் வேண்டும், தேங்கும் நீர் ஆகாது.

சரி, மண்ணை முழங்கால் உயரத்துக்கு மேடாக்கி, பழம் உதிர்த்த செம்பனை (எண்ணெய்ப்பனை) குலைகளை மேலே பரப்பினோம். ஆறில் நான்கு தளிர்த்துவிட்டன. இரண்டு போனதில் வருத்தம்தான்.

பவளமல்லியை நடைபாதையோரம் வைத்தது நல்ல முடிவு. இரவில் மலர்ந்து விடியலில் உதிர்வதால், அதிகாலையில் நடக்க வருகிறவர்களுக்கே அந்த மணம். மனோரஞ்சிதம் பச்சையிலிருந்து மஞ்சளாகும்போதுதான் கமகமக்கும். அதன் பக்கத்தில் பெஞ்ச் போட்டிருக்கிறோம்.

அப்புறம், மலாய்க்காரர்கள் தஞ்சோங் என்று சொல்லும் மகிழமரம் முன்பே அங்கே நின்றது. அந்தக் காலத்தில் பால்மரம் வெட்டிய, அதாவது ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்த, பாட்டி ஒருவர், உதிர்ந்த பூக்களைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டார். "காஞ்சாலும் வாசம் போகாதுய்யா, லயத்துல துணிப்பெட்டிக்குள்ள போட்டு வைப்போம்" என்றார். லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. மறுநாளிலிருந்து அந்த மரத்தடியைக் காலையில் கூட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.