உதவி: ஸ்பெக்ட்ரம் கீபோர்டில் சில கீ வேலை செய்யவில்லை, அவசரம்

லெஸ்டர்வாசி:
கார் பூட் சேலில் (பழைய பொருள் சந்தை) ஒரு ஸ்பெக்ட்ரம், அதான் அந்த 1980களின் வீட்டுக் கணினி, வாங்கினேன். டிவியில் படம் வருகிறது, ஆனால் சில கீ அடித்தால் ஒன்றுமே வரவில்லை. ஞாயிறு அண்ணன் பிள்ளைகள் வருகிறார்கள், அதற்குள் ஓட வேண்டும். கான்டாக்ட் கிளீனர் அடித்தால் சரியாகுமா?

குமிழ்:
எந்த மாடல்? ரப்பர் கீயா, பிளாஸ்டிக் கீ உள்ள பிளஸ்ஸா? ‘சில கீ’ என்றால் எவை?

சாலிடர் சித்தப்பா:
யூஎல்ஏ சிப் போயிருக்கும். கீபோர்டைப் படிப்பதே அதுதான். வேறு வாங்கி மாற்றுங்கள்.

பழையபலகை:
தம்பி, எந்தெந்த கீ என்று எழுதாமல் எப்படிச் சொல்வது? மொத்தமே 40 கீ. ஒவ்வொன்றாக அடித்துப் பார்க்கக்கூடப் பொறுமை இல்லாதவர் பழைய மெஷினை ஏன் தொட வேண்டும்?

லெஸ்டர்வாசி:
ரப்பர் கீ, 48கே. ஏ, எஸ், டி, எஃப், ஜி வரவில்லை. மற்றதெல்லாம் சரி.

குமிழ்:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் வேலை சுலபம். அந்த ஐந்தும் ஒரே அரை வரிசை. 40 கீயும் 8 அரை வரிசையாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் அதைத் தேர்ந்தெடுக்க ஒரு அட்ரஸ் லைன், உங்களுடையது ஏ9 என்ற லைன். அது மட்டும் எங்கோ அறுந்திருக்கிறது. எந்த கீ அழுத்தினீர்கள் என்று யூஎல்ஏ-வுக்குக் கொண்டுபோவது 5 டேட்டா லைன்தான், அதில் ஒன்று கெட்டால் எட்டு வரிசையிலும் ஒவ்வொரு கீ போயிருக்கும். அதனால் சிப்பைத் தொடாதீர்கள். கிளீனரும் வேண்டாம், மெம்பிரேன் (கீக்கு அடியில் இருக்கும், தொடர்புத் தடங்கள் உள்ள பிளாஸ்டிக் தாள்) ஒட்டி மூடியது, உள்ளே போகாது.

அடியில் 5 திருகு. கழற்றியதும் மூடியைச் சட்டென்று தூக்காதீர்கள். மெம்பிரேனின் இரண்டு வாலும் (நாடா மாதிரி நீளும் முனைகள்) போர்டில் செருகியிருக்கும், நாற்பது வருஷப் பிளாஸ்டிக், மடியும் இடத்தில் முறியும். நேராக மேலே இழுத்து எடுங்கள். அப்புறம் 5 முனை சாக்கெட்டுக்கும் 8 முனை சாக்கெட்டுக்கும் நடுவே ஒரு சின்னக் கம்பியால் ஒவ்வொரு ஜோடியாகத் தொட்டுப் பாருங்கள். திரையில் அந்த ஐந்தும் வந்தால் போர்டு நன்றாக இருக்கிறது, மெம்பிரேன்தான் போச்சு.

சாலிடர் சித்தப்பா:
வராவிட்டால்? அந்த எட்டு அட்ரஸ் லைனிலும் டையோடு (மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் பாகம்) உண்டு. அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

குமிழ்:
உண்மை. மீட்டரை டையோடு நிலையில் வைத்து மற்ற ஏழோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

நீலத்திரை:
எதற்கு இந்தப் பாடு? ஒரு ஆர்டுயினோ (புரோகிராம் செய்யக்கூடிய சின்ன போர்டு) வைத்து சாதாரண யூஎஸ்பி கீபோர்டு மாட்டிவிடலாம், பிள்ளைகளுக்கும் அடிக்க வசதி.

பழையபலகை:
ஸ்பெக்ட்ரமின் புரோகிராம் மொழியான பேசிக்கில் கட்டளையை எழுத்தெழுத்தாக அடிப்பதில்லை. எஃப் அழுத்தினால் ஃபார், ஜி அழுத்தினால் கோ டூ, எஸ் அழுத்தினால் சேவ். அதெல்லாம் கீயின் மேலேயே அச்சிட்டிருக்கும். யூஎஸ்பி பலகையில் பிள்ளை எங்கே தேடும்? இது தெரியாதவர்கள் ஆலோசனை சொல்ல வராமலிருப்பது நல்லது.

நீலத்திரை:
ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம். இந்தியாவில் டெசிபெல்ஸ் விற்ற ஸ்பெக்ட்ரம் பிளஸ் எங்கள் பள்ளியில் இருந்தது, கீயில் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியும். விளையாடத்தானே கேட்கிறார்?

பழையபலகை:
விளையாட மட்டும் என்றால் இன்றைய கணினியில் ஸ்பெக்ட்ரம் மாதிரி ஓடும் எமுலேட்டர் போதும்.

குமிழ்:
இந்தச் சண்டைக்குத் தனி இழை போடுங்கள். லெஸ்டர்வாசி, கம்பி வைத்துப் பார்த்தீர்களா?

லெஸ்டர்வாசி:
பார்த்தேன், ஐந்தும் வருகிறது. 8 முனை வாலில் சாக்கெட்டுக்குச் சற்று மேலே மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. சாலிடர் வைக்கலாமா?

சாலிடர் சித்தப்பா:
கூடவே கூடாது, பிளாஸ்டிக் உருகிவிடும். வெள்ளிப் பெயின்ட் தடவலாம், ஆனால் மடிந்தால் மறுபடி விடும்.

குமிழ்:
வெடிப்பு நுனிக்குப் பக்கத்தில் என்றால் அதுவரை நேராக வெட்டிவிட்டுத் திரும்பச் செருகுங்கள், ஞாயிறுக்கு அது போதும். புது மெம்பிரேன் இப்போதும் செய்து விற்கிறார்கள், அதற்கும் சொல்லிவையுங்கள். மாற்றும்போது மேல் தகட்டின் பசையை ஹேர் டிரையரால் சூடாக்கி மெதுவாகக் கிளப்புங்கள். வளைந்தால் நிமிராது.

லெஸ்டர்வாசி:
வெட்டிச் செருகினேன். எல்லா கீயும் வருகிறது. நன்றி.

நீலத்திரை:
எத்தனை மில்லிமீட்டர் வெட்டினீர்கள்? வால் எட்டியதா? என்னிடமும் இதே மாதிரி ஒன்று கிடக்கிறது.