எங்கள் வளவில் வெட்டிய பங்கர்

1990 ஜூனில் இலங்கை அரச படைக்கும் புலிகளுக்கும் சண்டை திரும்பத் தொடங்கியபோது நான் சின்னப் பிள்ளை. ஊர் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில். பொம்பர், அதாவது குண்டு போடும் விமானங்கள் பறந்த காலத்தைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் சத்தத்தைத்தான் முதலில் சொல்வார்கள். எனக்கு முதலில் ஞாபகம் வருவது வீட்டு வளவில் வெட்டிய பங்கர், பதுங்குகுழி. அதை யார் எப்படிக் கட்டினார்கள் என்று எழுதி வைத்தவர்கள் குறைவு.

எங்கள் பக்கம் செம்மண் மேலாக மட்டும்தான். கொஞ்சம் வெட்டியதுமே அலவாங்கு (கடப்பாரை) கல்லில் இடிக்கும். அதனால் இடுப்பளவு தோண்டி, மிச்ச உயரத்துக்கு மண்மூட்டை அடுக்கினார்கள். அவ்வளவு சாக்குக்கு எங்கே போவது? அம்மம்மா தன் சேலைகளைக் கிழித்துப் பை தைத்தார். கோயிலுக்கு மட்டும் உடுக்கும் சேலையும் அதில் போனது. அம்மா தடுத்தபோது, "சேலை பிறகு வாங்கலாம் பிள்ளை" என்றார்.

கூரைக்குப் பனங்குற்றி. பனை கிடைக்காதவர்கள் ரயில் பாதைக்குப் போனார்கள். கொழும்பு ரயிலான யாழ்தேவி 1990இல் நின்றுபோக, தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர்களின் மேல் ஏறின. 2014இல் யாழ்ப்பாணத்துக்கு மறுபடி ரயில் வந்தது புதிதாகப் போட்ட பாதையில்தான். வாசலை நேராக விடாமல் 'ட' வடிவில் திருப்பி வெட்டுவார்கள். வெளியே விழும் குண்டின் சிதறல் உள்ளே இருப்பவர்களை அடிக்காது.

ஓட நேரமில்லை என்றால் என்ன செய்வதென்று பள்ளிக்கூடத்தில் பழக்கினார்கள். குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி, நெஞ்சு நிலத்தில் முட்டாமல் தூக்கி, காதைப் பொத்தி, வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டும். தேவாரம் போல அதையும் பாடமாக்கினோம்.

பொம்பர் தாழப் பதிந்து குண்டைப் போட்டுவிட்டுப் போய்விடும். சகடை என்று நாங்கள் சொன்ன, குண்டு போடும் சரக்கு விமானம் அப்படியில்லை, மெதுவாகச் சுற்றிக்கொண்டே நிற்கும். அதுதான் பெரிய வதை. மாரியில் பங்கருக்குள் தண்ணீர் ஊறிவிடும். பாம்பு இருக்குமோ என்று அப்பா தடியால் தட்டிப் பார்த்த பிறகே எங்களை இறக்குவார். பற்றரி தடை, மண்ணெண்ணெய் யானை விலை. இரவில் ஜாம் போத்தல் விளக்கையும் அணைத்துவிட்டு இருட்டில் இருப்போம்.

அப்புவுக்கு (தாத்தாவுக்கு) முழங்கால் மடங்காது. உள்ளே வரமாட்டார். வாசல் படியில் இருந்து, "பதியுது... எழும்பீட்டுது..." என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். ஒருநாள் "பதியுது" என்றதோடு குண்டு பக்கத்து வளவில் விழுந்தது. பனங்குற்றிகளுக்கு இடையால் மண் கொட்டி என் வாய் நிறைந்தது. அப்புவின் குரல் இல்லை. "அப்பு, அப்பு" என்று அம்மா கூப்பிட்டபடியே இருந்தார். எவ்வளவு நேரமோ தெரியாது. அப்புறம் ஒரு இருமல் கேட்டது. அம்மா வாய்விட்டு அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இருந்தது. எல்லோருக்கும் இருக்கவில்லை. 1995 ஜூலை 9 அன்று நவாலி தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மேல் குண்டு விழுந்து 100க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். செப்டெம்பர் 22இல் வடமராட்சி கிழக்கு நாகர்கோவிலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். என் வயதும் என்னிலும் சின்னதுகளும். இதை "இரண்டு பக்கமும் இழப்பு" என்று ஒரே வரியில் கடந்துபோகிறவர்களோடு எனக்கு இன்றும் ஒத்துப்போக முடியவில்லை. அந்தப் பிள்ளைகள் எந்தப் பக்கம்?

அதே வருடம் அக்டோபர் 30இல் வலிகாமமே வெளியேறிய இடம்பெயர்வோடு எங்கள் பங்கரும் விடுபட்டுப் போனது. திரும்பி வந்தபோது கூரை இறங்கியிருந்தது. அப்பா குற்றிகளை உருவி எடுத்துவிட்டுக் குழியை மூடினார். ஊரில் பெரும்பாலானோர் அப்படித்தான் செய்தார்கள். பார்க்க ஒன்றும் மிஞ்சவில்லை.

வடமராட்சி கிழக்குக் கரையில் இருந்தவர்கள் எழுதுங்கோ. அங்கே முழுக்க மணல், வெட்ட வெட்டச் சரியும். சுவரை எதைக் கொண்டு நிறுத்தினீர்கள்?